சத்தியம் வேண்டாம், திறந்து காட்டு!

விழுப்புரத்தை அடுத்து, பம்பையாற்றங்கரையிலே இருக்கிறது திருவாமாத்தூர். அந்த ஊர்க் கோயிலிலே வட்டப்பாறை என்றொரு கல் உண்டு. வரப்புத் தகராறா, வாங்கிய கடனை இல்லையென்கிறானா, அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினைச் சண்டையா, அந்தப் பாறைமுன் நின்று சத்தியம் செய்யச் சொல்வார்கள். பொய்ச் சத்தியம் செய்தவன் தப்பியதில்லை என்பது ஊரார் நம்பிக்கை. நம்புவோர் நம்பட்டும், நம்பாதோர் நகைக்கட்டும். அந்த வழக்கை விசாரிக்க நான் இன்று வரவில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. எந்தப் பாறைமுன் நின்று எத்தனை முறை சத்தியம் செய்தாலும் அதைக் காதிலே வாங்கிக்கொள்ளாத பொருள் ஒன்று உண்டு. அதன் பெயர் துப்பாக்கி! “உள்ளே ஒன்றுமில்லை, வெறும் காலி” என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் அது கேட்காது. பொய் சொன்னவனைத் தண்டிக்கும் என்றாவது பாறையைப் பற்றிச் சொல்கிறார்கள். துப்பாக்கியோ, பொய் சொன்னவனை விட்டுவிடும். அதை நம்பி எதிரே நின்றவனைத் தண்டிக்கும்!

அண்மையில் அந்த ஊர்ப் படிப்பகத்திலே தோழர்களோடு பேசிக்கொண்டிருந்தேன். கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும் வேளை. இளந்தோழர் ஒருவர் தம் கைப்பேசியிலே ஒரு படத்தைக் காட்டினார். வெளியூரிலே உரிமம் பெற்ற ஒருவரிடமிருந்து கைத்துப்பாக்கியை வாங்கிப் பிடித்து எடுத்துக்கொண்ட படம். குழல் அவர் கன்னத்தை நோக்கி இருந்தது. விரல் விசையின்மேல் இருந்தது. முகத்திலே சிரிப்பு!

“காலிதான் அண்ணே” என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்காதவர் ஒரே ஒருவர். பட்டாளத்திலே பல ஆண்டு பணியாற்றி ஓய்வு பெற்ற முதியவர் அவர். “காலி என்று நீ பார்த்தாயா, தம்பி? அல்லது கேட்டாயா?” என்றார்.

இளைஞர் விழித்தார். அவர் கேட்டதுதான் உண்டு, பார்த்ததில்லை!

இந்த ஊரிலேதான், கொல்லாமையைப் பாடிப் பரப்பிய வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் மடம் அமைத்து வாழ்ந்தார், 1898-இல் மறைந்தார். கொல்லாமை பேசிய ஊரிலே கொலைக்கருவியைப் பற்றிப் பேச்சா என்று கேட்பீர்கள். ஆம், அதனாலேதான் பேச்சு! தெரிந்து கொல்பவனுக்குச் சட்டம் இருக்கிறது, சிறை இருக்கிறது. தெரியாமல் கொல்பவனுக்குப் பாடம் அல்லவா தேவை?

குடை சொன்ன பாடம்

முதியவர் மூலையிலே சாத்தியிருந்த குடையை எடுத்தார். “இதுதான் துப்பாக்கி என்று வைத்துக்கொள்” என்று தொடங்கினார். நான்கு பாடம் சொன்னார். ஜெஃப் கூப்பர் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் தொகுத்து, உலகெங்கும் துப்பாக்கி பிடிப்போருக்குச் சொல்லித் தரப்படும் விதிகள்தாம் அவை. திருவாமாத்தூர்க் குடையின் வாயிலாக வந்தபோது அவை தெளிந்த தமிழாக இருந்தன.

ஒன்று: எல்லாத் துப்பாக்கியிலும் குண்டு இருக்கிறது. இப்போதுதான் சோதித்தாலும், கையை விட்டுக் கீழே வைத்து மறுபடி எடுத்தால், மறுபடி சோதி.

இரண்டு: நீ அழிக்க விரும்பாத எதன் பக்கமும் குழல்வாயைத் திருப்பாதே. விளையாட்டுக்கும் வேண்டாம், படத்துக்கும் வேண்டாம்.

மூன்று: குறி கண்ணில் பட்டு, சுடுவதென்று முடிவும் எடுத்த பிறகே விரல் விசைக்குப் போகலாம். அதுவரை விரல் வெளியே, துப்பாக்கியின் பக்கவாட்டிலே நீட்டியபடி இருக்கட்டும்.

நான்கு: குறி எது, குறிக்குப் பின்னால் இருப்பது எது என்று தெரியாமல் சுடாதே.

“நாலிலே ஒன்றை மறந்தால் மற்ற மூன்று காப்பாற்றும். ஒரே நேரத்திலே இரண்டை மறந்தால் பிணம் விழும்” என்று முடித்தார் முதியவர். குடை மீண்டும் மூலைக்குப் போயிற்று.

இது கிழவர் கதையல்ல, தோழர்களே! உலகம் இரத்தத்திலே எழுதி வைத்திருக்கும் கணக்கு. பாருங்கள்!

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம். 2021 அக்டோபர் 21. ‘ரஸ்ட்’ என்ற படத்தின் ஒத்திகை. நடிகர் அலெக் பால்ட்வின் கையிலே ஒரு சுழல் துப்பாக்கி. உண்மைக் குண்டு இல்லை என்று அறிவித்தார்கள். நம்பினார்கள். வெடித்தது! ஒளிப்பதிவாளர் ஹலீனா ஹட்சின்ஸ் மாண்டார், இயக்குநர் காயமுற்றார். ஆயுதப் பொறுப்பாளருக்கு 2024-இல் 18 மாதச் சிறை. நடிகர்மீது தொடுத்த வழக்கு அதே ஆண்டு ஜூலையில் தள்ளுபடியாயிற்று. ஒத்திகைக் களத்திலே சத்தியம் இருந்தது, சோதனை இல்லை. முதற்பாடம் போயிற்று!

உத்தரப் பிரதேசத்து அலிகார். 2023 டிசம்பர் 8. பாஸ்போர்ட் விசாரணைக்காகத் தம் மகனோடு காவல் நிலையத்துக்கு வந்து நிற்கிறார் ஒரு தாய். காவலர் ஒருவர் கைத்துப்பாக்கியைக் கொண்டுவந்து உதவி ஆய்வாளரிடம் கொடுக்கிறார். அவர் வாங்குகிறார், இயக்கிப் பார்க்கிறார். அடுத்த நொடி அந்தத் தாய் தலையிலே குண்டு பாய்ந்து சாய்கிறார். சில நாட்களில் மருத்துவமனையிலே உயிர் பிரிந்தது. நிலையத்துக் கண்காணிப்புக் கேமரா அத்தனையையும் பதிவு செய்தது, நாடே பார்த்தது. சுட்டவர் துப்பாக்கியறியாப் பாமரரா? பயிற்சி பெற்ற அதிகாரி! இடம் போர்க்களமா? பாதுகாப்புத் தேடி மக்கள் வரும் காவல் நிலையம்! குழல் மண்ணை நோக்கியிருந்தால் மண்ணிலே ஒரு துளை விழுந்திருக்கும். மக்களை நோக்கியிருந்ததால் ஒரு வீட்டிலே விளக்கு அணைந்தது.

நம் தமிழகத்துக்கே வாருங்கள். புதுக்கோட்டை மாவட்டம், நார்த்தாமலைப் பக்கம், பசுமலைப்பட்டித் துப்பாக்கி சுடும் தளம். 2021 டிசம்பர் 30. மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினரின் பயிற்சி நடக்கிறது. ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால், தாத்தாவின் வீட்டிலே இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையிலே குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3-ஆம் நாள், தஞ்சை மருத்துவமனையிலே அந்தப் பிஞ்சு உதிர்ந்தது. அவன் துப்பாக்கியைக் கண்டானா? அவன் பெயரைத் துப்பாக்கி அறியுமா? குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்ற நான்காம் பாடத்துக்கு அந்தச் சிறுவன் விலையானான். கைத்துப்பாக்கியின் 9 மில்லிமீட்டர் குண்டே, மேல்நோக்கிச் சுட்டால் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் போகக்கூடியது. நீள்துப்பாக்கியின் குண்டு அதனினும் தொலைவு போகும். வானத்தை நோக்கித்தானே சுட்டேன் என்பவன், வானத்துக்குக் கீழே ஊர் இருப்பதை மறந்தவன்!

எழுவாய் எங்கே?

பள்ளியிலே இலக்கணம் படித்திருப்பீர்கள். வாக்கியத்திலே எழுவாய் எது என்று வாத்தியார் கேட்பார். செய்தித்தாளைப் பிரித்துப் பாருங்கள். “துப்பாக்கி தவறுதலாக வெடித்தது.” எழுவாய் எது? துப்பாக்கி! மனிதன் எங்கே? மறைந்துவிட்டான்! துப்பாக்கியே எழுந்து, தானே குறிபார்த்து, தானே விசையை இழுத்துக்கொண்டதாம். இரும்பைக் குற்றவாளிக் கூண்டிலே ஏற்றிவிட்டு, இழுத்த விரல் வீட்டுக்குப் போகிறது!

இயந்திரக் கோளாறே கிடையாதா என்று கேட்டால், உண்டு. பழைய சுழல் துப்பாக்கிகள் சிலவற்றிலே சுத்தியல் நேரே தோட்டாவின் தலைக்கு மேலே நிற்கும். கீழே விழுந்தால் அடி தோட்டாவின்மேல் இறங்கும், வெடிக்கும். பிற்காலத்து வகைகள் பலவற்றிலே இடையே ஒரு தடுப்பு வைத்தார்கள். தடுப்பில்லாத பழையதை வைத்திருப்போர், சுத்தியலுக்கு நேரான அறையைக் காலியாக விடுவது நெடுநாள் வழக்கம். மும்பையிலே 2024 அக்டோபர் 1-ஆம் நாள் விடியற்காலை, நடிகர் கோவிந்தா உரிமம் பெற்ற தம் சுழல் துப்பாக்கியை எடுத்து வைக்கும்போது அது கைதவறி விழுந்து வெடித்தது. குண்டு அவர் காலிலே பாய்ந்தது. அறுவை செய்து எடுத்தார்கள், பிழைத்தார். ஆனால் தேய்ந்த கருவியைப் பழுது பார்க்காததும், எடுத்து வைக்குமுன் தோட்டாக்களை வெளியே எடுக்காததும் எவருடைய செயல்? இரும்புக்குக் கோளாறு வரலாம். அதற்கும் முன்னே இருப்பது மனிதனின் அசட்டை.

இன்னொன்றும் நினைவிலே வையுங்கள். துப்பாக்கி கைநழுவினால் விழட்டும், பாய்ந்து பிடிக்காதீர்கள். பதற்றத்திலே பிடிக்கும் கை, விசையைத்தான் முதலிலே பிடிக்கும். கால் இடறினாலும், திடுக்கிட்டாலும், மற்றக் கையால் எதையேனும் இறுகப் பற்றினாலும், துப்பாக்கி பிடித்த கையின் விரல்களும் தாமாக இறுகும். உடம்பின் இயல்பு அது. பேருந்து குலுங்கும்போது நாம் கம்பியைப் பிடிப்பது யோசித்தா? அதுபோலத்தான்! ஆகவேதான் விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது.

முன்னது பின்னானால்

2025 ஜனவரி 10-ஆம் நாள் இரவு, பஞ்சாபிலே லூதியானா மேற்குத் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் குர்பிரீத் கோகி, தம் வீட்டிலே, தம் துப்பாக்கியின் குண்டுக்கே பலியானார். துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தற்செயலாக வெடித்தது என்பதே வெளிவந்த செய்தி. துடைக்கும்போது எப்படி வெடிக்கும் என்று வியப்போர் உண்டு. கேளுங்கள், சொல்கிறேன்.

கைத்துப்பாக்கியிலே தோட்டாக்கள் இருக்கும் இடம் இரண்டு. பிடிக்குள்ளே செருகும் பெட்டி ஒன்று, அதை மேகசின் என்பார்கள். குழலின் அடியிலே, வெடிக்கத் தயாராக ஒற்றைத் தோட்டா உட்காரும் அறை மற்றொன்று. மேகசினை உருவிவிட்டால் துப்பாக்கி காலி என்று எண்ணுவதே பெரும் ஏமாற்றம். அறையிலே ஒன்று உட்கார்ந்திருக்கும்! பலவகைத் துப்பாக்கிகள் மேகசின் இல்லாமலே அந்த ஒன்றைச் சுட்டுவிடும்.

வரிசையும் முக்கியம். முதலிலே குழலை ஆளில்லாத பக்கம், மண்ணையோ மணலையோ நோக்கித் திருப்பு. விரலை விசைக்கு வெளியே வை. பிறகு மேகசினை உருவு. அதன் பிறகே மேலே ஓடும் ஸ்லைடை இழுத்து, அறையிலிருக்கும் தோட்டாவை வெளியே தள்ளு. இழுத்தபடியே நிறுத்தி, கண்ணால் பார், விரலால் தடவிப் பார். வரிசை மாறினால்? மேகசின் உள்ளே இருக்கும்போதே ஸ்லைடை இழுத்தால் ஒரு தோட்டா வெளியே விழும். அதைக் கண்டு ‘காலியாயிற்று’ என்று மகிழ்வாய். ஆனால் கையை விட்டதும் கீழிருந்து அடுத்தது மேலேறி அறையிலே அமர்ந்துகொள்ளும்! பிறகு மேகசினை எடுத்து என்ன பயன்? ஒன்று வெளியேறக் கண்டவன், ஒன்று உள்ளேறக் காணவில்லை. சுழல் துப்பாக்கியானால் உருளையைத் திறந்து, தோட்டாக்களை எல்லாம் கொட்டி, எத்தனை அறையோ அத்தனையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். துடைப்பது அதற்குப் பிறகு. துடைக்கும் மேசையிலே தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது.

ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாற்றும்போதும் இதே முறைதான். கொடுப்பவர் திறந்து காட்டிக் கொடுக்க வேண்டும். வாங்குபவர் தாமும் பார்த்து வாங்க வேண்டும். இது சந்தேகமல்ல, மரியாதை! கேட்டதையெல்லாம் மெய்யென்று கொள்ளாதே என்று வள்ளுவர் அறிவுக்கு இலக்கணம் சொன்னாரே, அந்த அறிவை இங்கே பயன்படுத்தாமல் வேறெங்கே பயன்படுத்துவது?

வாய்வழியே மருந்தும் ரவையும் இடித்து நிரப்பும் நாட்டுத் துப்பாக்கிக்கு இந்த வசதியும் இல்லை, அதைத் திறந்து பார்க்க முடியாது. முன்பு நம் விழுப்புரம் மாவட்டத்தோடு இருந்து, 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலே இருக்கும் கல்வராயன் மலைப் பகுதியிலே, உரிமமில்லா நாட்டுத் துப்பாக்கிகளைத் தாமே ஒப்படைக்கும்படி காவல்துறை அழைப்பு விடுத்ததுண்டு. பாட்டன் காலத்துப் பரண்மேல் அப்படி ஒன்று கிடந்தால், எடுத்துத் தட்டிப் பார்க்காதீர்கள். எத்தனை ஆண்டு கிடந்தாலும் உள்ளே மருந்து இருப்பதாகவே எண்ணி, காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

காவலாளியின் கேள்வி

இப்போது உழைப்பாளித் தோழர்களுக்கு ஒரு சொல். நம்மிலே துப்பாக்கியோடு வாழ்பவன் யார்? சீமானா? இல்லை! வங்கி வாசலிலே நிற்கும் காவலாளி. பணவண்டியிலே போகும் காவலாளி. பெரும்பாலும் பட்டாளத்திலிருந்து திரும்பிய ஏழை வீட்டுப் பிள்ளை. தோளிலே பழைய பன்னிரண்டு போர் துப்பாக்கி. நாள் முழுதும் நின்ற கால், தூக்கம் தின்ற கண்.

அவன் கையிலே கொடுத்த துப்பாக்கியைக் கடைசியாகப் பழுது பார்த்தது எந்த ஆண்டு? அவனுக்குக் கடைசியாகப் பயிற்சி கொடுத்தது எந்த ஆண்டு? குழலை மடித்துத் தோட்டாவை எடுக்க, மணல் நிரப்பிய ஓர் இடமாவது ஒதுக்கினார்களா? வேலைக்கு வைத்தவரைப் பார்த்து இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும், சங்கம் கேட்க வேண்டும்! வெடித்த பிறகு ‘காவலாளியின் கவனக்குறைவு’ என்று ஒரு வரியிலே கணக்கை முடிப்பது எளிது. பயிற்சி தராதவனின் குற்றம் எந்த வரியிலே வருகிறது? வங்கி வரிசையிலே நிற்கும் நீங்களும், குழல் உங்கள் பக்கம் திரும்பியிருந்தால், “ஐயா, குழலைக் கீழே திருப்புங்கள்” என்று பணிவாகச் சொல்லுங்கள். அதிலே அவருக்கு அவமானமில்லை, உங்களுக்கு அச்சமில்லை.

இயக்கத் தோழர்களுக்கு மற்றொரு சொல். தலைவர்கள் வருவார்கள். அவர்களைச் சுற்றித் துப்பாக்கியேந்திய காவலர்கள் வருவார்கள். மாலை போடும் ஆர்வத்திலே முண்டியடித்து, அந்தக் காவலர் இடுப்பிலே இடிக்காதீர்கள். “கொஞ்சம் கொடுங்கள், படம் எடுத்துத் தருகிறேன்” என்று கேட்காதீர்கள். துப்பாக்கி அணிகலன் அல்ல!

வடக்கே சில பகுதிகளிலே திருமணத்துக்கும் வெற்றிக்கும் வானைநோக்கிச் சுடும் வழக்கம் இருக்கிறது. 2016 டிசம்பரிலே பஞ்சாபின் பட்டிண்டா மாவட்டத்திலே, திருமண விழாவில் சுட்ட குண்டு, மேடையிலே ஆடிப் பிழைத்த ஏழைப் பெண்ணொருத்தியின் உயிரைக் குடித்தது. அந்தப் பெருமை நமக்கு வேண்டாம். பட்டாசு போதும், பறை போதும்!

சட்டம் என்ன சொல்கிறது? 1878-இலே வெள்ளைக்காரன் ஆயுதச் சட்டம் போட்டான். இந்தியனுக்கு உரிமம் வேண்டும், ஐரோப்பியனுக்கு விலக்கு என்றான். விடுதலைக்குப் பிறகு 1959-இலே எல்லோருக்கும் ஒரே சட்டம் வந்தது. 2016-ஆம் ஆண்டு விதிகள், உரிமம் கேட்போர் பாதுகாப்புப் பயிற்சி பெற வேண்டும் என்றன. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி அசட்டையாகவோ கொண்டாட்டத்துக்காகவோ சுடுபவருக்கு 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்றது. அசட்டையால் மரணம் விளைந்தால், 2024 ஜூலை முதல் நடப்பிலிருக்கும் புதிய தண்டனைச் சட்டத்தின்படி 5 ஆண்டு வரை சிறை. ஆனால் சட்டம் வருவது பிணத்துக்குப் பின்னால். பாடம் வரவேண்டியது பிணத்துக்கு முன்னால்!

உரிமம் பெற்றவர் வீட்டிலே துப்பாக்கி ஒரு பூட்டுக்குள், தோட்டா வேறொரு பூட்டுக்குள், சாவி இரண்டும் குழந்தைக்கு எட்டாத இடத்திலே இருக்க வேண்டும். தலையணைக்கு அடியிலே கூடாது. குழந்தைக்கும் சொல்லி வையுங்கள்: கண்டால் தொடாதே, விலகிப் போ, பெரியவரிடம் சொல். இத்தனைக்கும் மீறி ஒருவர்மீது குண்டு பட்டுவிட்டால், முதலிலே துப்பாக்கியை அப்பால் வைத்துவிட்டு, சுத்தமான துணியைக் காயத்தின்மேல் வைத்து விடாமல் அழுத்துங்கள். 108-ஐ அழையுங்கள். குண்டைத் தோண்டி எடுக்க முயலாதீர்கள்.

திருவாமாத்தூர் இளைஞர் அன்றே அந்தப் படத்தை அழித்தார். வெட்கத்தோடு, “இனிமேல் தொடமாட்டேன், வட்டப்பாறைமேல் சத்தியம்!” என்றார்.

முதியவர் அப்போதுதான் சிரித்தார். “சத்தியம் எதற்கு, தம்பி? யாராவது ‘காலி’ என்று நீட்டினால், ‘திறந்து காட்டு’ என்று சொல். அது போதும்.”

அதுவே போதும், தோழர்களே! சொல்லை நம்பி நெஞ்சைக் காட்டாதீர்கள். திறந்து காட்டச் சொல்லுங்கள். திறந்து காட்ட மறுப்பவன் நீட்டும் துப்பாக்கியைத் தொடாதீர்கள், அதன் எதிரே நிற்காதீர்கள். அன்று அலிகாரிலே எவரேனும் ஒருவர் அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால், அந்தத் தாய் மகனோடு வீடு திரும்பியிருப்பாள்.